மாற்றுத்திறன் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது முதல் 18 வயது வரை: வேலூர் மாவட்டப் பெற்றோருக்கான வழிகாட்டி

"முதலில் சான்றிதழ் கைக்கு வரட்டும், பிசியோதெரபி கொஞ்சம் முடியட்டும், நடக்கத் தொடங்கட்டும், அப்புறம் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் குடும்பங்களைக் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இன்றும் பார்க்கிறேன். நாங்களும் அப்படித்தான் ஓர் ஆண்டை இழந்தோம். மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சென்றபோது, அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அடையாள அட்டை வாங்கிக்கொண்டு வருமாறு சொன்னார். அவர் சொன்னதே விதி என்று நம்பி வீடு திரும்பிவிட்டோம். அப்படி ஒரு விதியே கிடையாது என்பது அடுத்த ஆண்டுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனவே சேர்க்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

சேர்க்கை

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் மாற்றுத்திறன் குழந்தைகள் "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்" என்ற வகைக்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டார்கள். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. சேர்ப்பதற்கு முன் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டவும் கூடாது. அப்படி வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்ற முறையில் நம் குழந்தைகள் விண்ணப்பிக்கலாம்.

இதைவிட வலுவானது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் இந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்வதோடு, வீட்டருகே உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருகிறது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவு பள்ளிகளைக் கடமைப்படுத்துகிறது. சிறப்புப் பள்ளிக்குச் செல்லுமாறு ஆசிரியர் ஆலோசனை சொல்லலாம். முடிவு எடுக்க வேண்டியது குடும்பம்தான். வாய்மொழியாக மறுக்கும் பள்ளியிடம், "சேர்க்க இயலாது என்பதை எழுத்தில் கொடுங்கள் ஐயா" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடும்.

சேர்க்கை நடந்த அன்றே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எமிஸ் எனப்படும், மாணவர் விவரங்களுக்கான பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில் குழந்தையின் குறைபாட்டு வகை பதிவாகியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் மருத்துவ முகாம் அழைப்பு, உபகரணம், ஊக்கத்தொகை, சிறப்புப் பயிற்றுநரின் வருகை என ஒன்றும் அந்தக் குழந்தையைத் தேடி வராது. குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருந்தும் கணக்கில் இல்லாமல் போய்விடும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக "நலம் நாடி" என்ற செயலியும் பயன்பாட்டில் உள்ளது. உங்கள் குழந்தையைப் பற்றி அதில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஆர்சி எனும் வட்டார வள மையம்

பள்ளிக்கு அடுத்து நீங்கள் அறிந்திருக்க வேண்டிய இடம் வட்டார வள மையம். ஊரில் எல்லோரும் பிஆர்சி என்பார்கள். வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என மாவட்டத்தில் உள்ள ஏழு ஒன்றியங்களில் உங்கள் ஒன்றியத்து மையம் எங்கே இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு நேரில் சென்று வாருங்கள். (2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பகுதியினர் இராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியினர் திருப்பத்தூருக்கும் செல்ல வேண்டும். பழைய ஆவணங்களில் வேலூர் மாவட்டம் என்றே இருப்பதால் அலைந்து திரும்பியவர்கள் உண்டு.)

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளடக்கிய கல்விப் பிரிவின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இந்த மையத்தோடு இணைந்து பணியாற்றுகிறார்கள். பயிற்றுநர் ஒரே பள்ளியில் இருப்பதில்லை. பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்கிறார். எனவே உங்கள் பள்ளிக்கு அவர் வரும் கிழமை எது என்பதைக் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நாளில் குழந்தை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர்களின் எண்ணிக்கை போதாது என்ற உண்மையையும் சொல்லியாக வேண்டும். தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. ஒன்றியத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குரிய குழந்தைகள் எத்தனை பேர் என்பதைப் பெற்றோர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இப்படிக் கேட்பதைப் பயிற்றுநர் மீதான புகாராக யாரும் எண்ண வேண்டியதில்லை. அவருடைய சுமை குறைவதற்கும் இதுவே வழி.

ஒன்றியம்தோறும் ஆண்டுக்கொரு முறை நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமைத் தவறவிடாதீர்கள். கண், காது, எலும்பு, மனநலம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். சக்கர நாற்காலி, காலைத் தாங்கும் காலிப்பர், காதொலிக் கருவி போன்றவற்றுக்கு அளவெடுப்பதும் பரிந்துரைப்பதும் அங்கே நடக்கும். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை இதே திட்டத்தில் உண்டு. துணையோடு பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு வழித்துணைப் படியும் பயணப்படியும் உண்டு. வங்கிக் கணக்கு குழந்தையின் பெயரில் இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்து வர முடியாத அளவுக்குப் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்திருக்கிறது. பயிற்றுநர் வீட்டுக்கு வந்து கற்பிப்பார். ஆனால் வீட்டு வழிக் கல்வியை முதல் விருப்பமாகக் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து. வாரத்தில் ஒரு நாளாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குச் செல்ல முடிந்தால் செல்லுங்கள். மதிய உணவு வரிசையில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்வதை எந்தப் பயிற்றுநரும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

தனிநபர் கல்வித் திட்டமும் வீட்டு நோட்டும்

சிறப்புப் பயிற்றுநர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை எழுதுவார். பல பெற்றோர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. கேளுங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள், எழுதும் நாளில் உடன் இருக்க முடியுமா என்று கேளுங்கள். பெற்றோரின் பங்கு தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மகனின் முதல் திட்டத்தில் "எழுதப் பழகுதல்" என்று ஒரே வரி இருந்தது. ஆண்டு முடிவில் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத வரி அது. அடுத்த ஆண்டு பயிற்றுநரோடு உட்கார்ந்து, "டிசம்பருக்குள், தடித்த பென்சிலால், தன் பெயரின் முதல் எழுத்தை இரண்டு விரல் உயரத்தில், கையைப் பிடிக்காமல், ஐந்து முறையில் மூன்று முறை எழுதுவான்" என்று மாற்றினோம். யார் செய்யப்போவது, எப்போதுக்குள், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை என்ற நான்கும் ஒரு குறிக்கோளில் இருந்தால் அது நடந்ததா என்று தாயும் பார்க்கலாம், ஆசிரியரும் பார்க்கலாம். ஒரு பருவத்துக்கு மூன்று குறிக்கோள்கள் போதும். பத்து எழுதினால் ஒன்றையும் யாரும் பின்தொடர மாட்டார்கள்.

இந்தக் குறிக்கோள்களை எழுதப் பயிற்றுநருக்கு வேண்டிய செய்திகள் உங்களிடம்தான் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை வந்து அரை மணி நேரம் பார்ப்பவருக்கு, குழந்தை காலையில் நன்றாகச் செயல்படுகிறதா, சாப்பிட்ட பிறகா என்பது தெரியாது. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அன்றாடம் இரண்டு வரி எழுதி வந்தோம். அதிலிருந்து இரண்டு பதிவுகளை அப்படியே தருகிறேன். "ஜூலை 8. இட்லியைத் தானே பிட்டான். சட்னியில் தொடுவதற்கு மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது." "ஜூலை 15. மேல் பொத்தான்கள் நான் போட்டேன். கடைசி இரண்டும் அவனே. 4 நிமிடம் ஆயிற்று. பள்ளி வேன் காத்திருந்ததால் அவசரப்படுத்தினேன், அழுதான்." இந்த இரண்டாவது பதிவைப் படித்த பயிற்றுநர், பொத்தான் பழக்கத்தை மாலைக்கு மாற்றச் சொன்னார், காலையில் நானே போட்டுவிட்டேன். அழுகை நின்றது. செப்டம்பர் முடிவதற்குள் நான்கு பொத்தான்களையும் அவனே போட்டான்.

குழந்தை செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு உதவியோடு செய்தது என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் கைப்பேசியில் அரை நிமிடக் காணொளி எடுத்து வைக்கலாம்; பயிற்றுநருக்கு அது நோட்டைவிடவும் பயன்படும். பீடி சுற்றியபடியோ தறியில் உட்கார்ந்தபடியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி தரச் சொல்வது நடக்காத காரியம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பயிற்றுநரிடம், "தனியாக உட்கார எனக்கு நேரமில்லை டீச்சர், சமைக்கிற நேரத்தில் என்ன செய்ய வைக்கலாம்?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரிப்பது கணக்கும் ஆகும், விரல் பயிற்சியும் ஆகும். வெங்காயம் எத்தனை எடுத்துவர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது எண்ணும் ஆகும், கேட்டு நினைவில் வைக்கும் பழக்கமும் ஆகும். பீடித் தூள் இருக்கும் முறத்தின் அருகே மட்டும் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பேச்சு தாமதமான குழந்தையிடம் தமிழில் மட்டும்தான் பேச வேண்டுமா என்ற தயக்கம் பேரணாம்பட்டுப் பெற்றோரிடம் அடிக்கடி எழுவதைக் கேட்டிருக்கிறேன். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். அன்றாடம் பயன்படுத்தும் இருபது சொற்களை வீட்டு மொழியிலும் தமிழிலும் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால், குழந்தை "பானி" என்று கேட்கும்போது தண்ணீர்தான் கேட்கிறது என்று அவருக்குப் புரியும்.

சான்றிதழ், அட்டை, மருத்துவமனை

சான்றிதழுக்காகப் படிப்பை நிறுத்தக் கூடாது என்றேன். சான்றிதழ் வேண்டாம் என்று பொருளில்லை. நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடி அட்டைக்கு, இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, அரசு மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் அடுத்த மதிப்பீடு எங்கே, எந்த நாளில் என்று சொல்வார்கள். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், இதுவரையிலான மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை அசலும் நகலுமாக எடுத்துச் செல்லுங்கள். சிறு வயதில் தரப்படும் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டுச் சுவரிலேயே எழுதி வைத்தாலும் தவறில்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது நிறைந்த பிறகே சான்று தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. அதுவரை காத்திருக்காமல், எழுத்துக்கூட்ட முடியாத குழந்தையைப் பயிற்றுநரிடம் உடனே காட்டுங்கள்.

மருத்துவத்தில் வேலூருக்குக் கிடைத்த வாய்ப்பு பல மாவட்டங்களுக்குக் கிடையாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். கண் பார்வைக்கு ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சி எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதித்துச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். பாகாயத்தில் சிஎம்சி மனநலத் துறையின் கீழ் இயங்கும் "நம்பிக்கை நிலையம்" பற்றி நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாதது எனக்கு வருத்தம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையோடு பெற்றோரும் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறும் இடம் அது. அங்கே குழந்தைக்குத் தரும் பயிற்சி, வீட்டுக்குத் திரும்பியபின் தாயோ தந்தையோ தொடரக்கூடிய வகையில் கற்றுத்தரப்படுகிறது. அங்கிருந்து வரும் அறிக்கையின் நகலை மறக்காமல் பள்ளிக்கும் பிஆர்சிக்கும் கொடுங்கள். மருத்துவமனை சொன்னது பள்ளிக்குத் தெரியாமலும், பள்ளியில் நடப்பது மருத்துவருக்குத் தெரியாமலும் போவதால் வீணாகும் மாதங்கள் கொஞ்சமில்லை. இரண்டுக்கும் நடுவே கோப்பைத் தூக்கிச் செல்பவர் பெற்றோர்தான்.

பார்வையற்ற குழந்தைகளுக்கு இன்னொரு செய்தி: பிரெயில் எழுதப் பயன்படும் பெர்கின்ஸ் பிரெயிலர் கருவி காட்பாடி வொர்த் டிரஸ்ட்டில் தயாராகிறது. பிரெயில், ஒலிப் புத்தகங்களுக்குச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. பல குறைபாடுகள் ஒன்றாக உள்ள குழந்தைகளுக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம் வரை சென்று வருவது அலைச்சலுக்குத் தகுந்த பயன் தரும். வெளியே கட்டணம் செலுத்திச் சிறப்பு ஆசிரியர் வைப்பவர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பதிவெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்" என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உதவித்தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கும், கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடு நல அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை; பள்ளிக்கும் சிகிச்சைக்கும் தொலைவு செல்பவர்களுக்குப் பயணச் சலுகை அட்டை அதே அலுவலகத்தில் கிடைக்கும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தெரபிக் கட்டணமும் அதில் அடங்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு

குறை சொல்ல மட்டும் பள்ளி வாசலை மிதிக்கும் பெற்றோரைவிட, மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பெற்றோரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. குழு மறுகட்டமைப்பு நடக்கும் நாளில் சென்று உங்கள் பெயரைக் கொடுங்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவது இந்தக் குழுதான். சாய்தளம், கைப்பிடி, மேற்கத்திய பாணிக் கழிப்பறை ஆகியவை அந்தத் திட்டத்தில் எழுதப்பட்டால்தான் நிதி கேட்க முடியும். சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாகக் கட்டப்பட்ட சிமெண்டுச் சரிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கை மேஸ்திரி வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் நிதி வேண்டியதில்லை. என் மகன் பெஞ்சில் உட்கார்ந்தால் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கும். உடல் மெல்லச் சரியும். இரண்டாவது பாடவேளைக்குள் தலை டெஸ்க்கில் சாய்ந்துவிடும். சோம்பலாகப் படுத்துக்கொள்கிறான் என்றே எல்லோரும் நினைத்தோம். பிஆர்சி இயன்முறை மருத்துவர் ஒருநாள் வகுப்புக்கு வந்து பார்த்து, பாதம் அழுந்த ஓர் இடம் இருந்தால் முதுகு தானாக நிமிரும் என்றார். அன்று இரண்டு செங்கற்களைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்தோம். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னதும், குழுவில் இருந்த தச்சர் ஒருவர் பழைய பலகையில் கால்தாங்கி செய்து பெஞ்சோடு பொருத்திக் கொடுத்தார். பென்சில் நழுவாமல் இருக்கச் சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி மூன்று சுற்றுச் சுற்றினோம். அந்த ஆண்டுதான் "டிசம்பருக்குள்" என்று எழுதியிருந்த எழுத்து நவம்பரிலேயே வந்தது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையிலும் பள்ளிச் சாய்தளத்தைப் பற்றிப் பேசலாம். தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிஆர்சியில் பயிற்சிக்குக் காத்திருக்கும் தாய்மார்களோடு எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள். எந்த முகாம் எந்த நாளில் என்ற செய்தி அலுவலக அறிவிப்பைவிட அந்த வட்டத்தில் முன்னதாக வந்து சேரும்.

மறுக்கப்பட்டால்

பேசிப் பார்த்தும் நடக்கவில்லையென்றால் எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. தேதி, குழந்தையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், கேட்பது என்ன, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் செல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நகலில் முத்திரையோடு ஒப்புகை பெறுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு எண்ணுடன் சீட்டு தருவார்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றுக்கும் மேலே, உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் கொண்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையில் இருக்கிறார். அவருக்குத் தபாலிலேயே முறையிடலாம். கோபமாக எழுதிய மனுவை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படித்துவிட்டு அனுப்புங்கள். நாளைக்கும் அதே வகுப்பறையில்தான் குழந்தை உட்காரப்போகிறது.

பொதுத்தேர்வும் அதன் பிறகும்

பத்தாம் வகுப்புச் சலுகைகளுக்குப் பிப்ரவரியில் ஓடுவது மிகவும் தாமதம். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது; கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பித்து, ஆணை வந்ததும் நகல் எடுத்து வையுங்கள். சொல்வதை எழுதுபவரோடு குழந்தை பழக வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் அதே முறையைக் கேட்டுப் பெறுங்கள். பொதுத்தேர்வு அறையில்தான் முதன்முதலாக இன்னொருவருக்குச் சொல்லி எழுதவைப்பது என்றால் குழந்தை திணறிவிடும். விலக்கு பெறும் முன், பின்னாளில் அந்த மொழி எந்தப் படிப்புக்கு வேண்டியிருக்கும் என்றும் யோசியுங்கள். வழக்கமான பாடத்திட்டம் ஒத்துவராத பிள்ளைகளுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் முடிக்கும் வழி இருக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் சட்டத்தில் உள்ளன.

18 வயது நிறையும் ஆண்டில் இரண்டு வேலைகள் காத்திருக்கும். அட்டையைப் பெரியவருக்கான மதிப்பீட்டோடு புதுப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோராகவே இருந்தாலும் 18-க்குப் பிறகு வங்கியில் அவர் சார்பாகக் கையெழுத்திட இந்த ஆணையைக் கேட்பார்கள். மூளை முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் பாதுகாவலர் வேண்டியதில்லை. தன் முடிவைத் தானே சொல்லக்கூடிய பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க அந்த நாற்பது பக்க நோட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கட்டி எடுத்து வையுங்கள். எதைத் தானே செய்வான், எதற்கு எவ்வளவு துணை வேண்டும் என்று குழு கேட்கும்போது பக்கத்தைத் திறந்து காட்டலாம்.